தொழில் நடத்துபவரின் வாரம்: நேரத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்குபவர்களுக்கு

வேலைக்குப் போகிறவருக்கு நேரத்தை மற்றவர்கள் வகுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எதை முதலில் முடிக்க வேண்டும், எந்த மீட்டிங்கில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் மேலே இருந்து வரும். சொந்தமாகத் தொழில் தொடங்கிய அன்றே அந்த ஏற்பாடு போய்விடுகிறது. போனால் போகட்டும், இனி எல்லாம் என் விருப்பம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது வேறு. யார் முதலில் போன் செய்கிறாரோ, யார் வந்து எதிரில் நிற்கிறாரோ, எந்த மெசேஜ் திரையில் மேலே வருகிறதோ, அன்றைய நாளை அவர்கள்தான் வகுக்கிறார்கள்.

நேரம் போதவில்லை என்று சொல்லும் தொழில் உரிமையாளர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் மணிநேரம் குறைவு என்பது பிரச்சினையாக இருக்காது. காலையிலிருந்து இரவு வரை உழைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அந்த மணிநேரங்களுக்குள் வரவே இல்லை. விலையை மாற்றி அமைப்பது ஆறு மாதமாகத் தள்ளிப் போகிறது, பாக்கி யார் யாரிடம் நிற்கிறது என்ற கணக்கு பார்க்கப்படவில்லை, புதிய ஆள் எடுப்பது "அடுத்த வாரம்" என்றே நிற்கிறது. ஆக, முதலில் அந்த வேலைகளுக்கு இடம் போட வேண்டும், மீதி எல்லாம் அதைச் சுற்றி அமைய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

தொடங்குமுன் இன்னொன்று. நேர மேலாண்மைக் குறிப்புகள் பெரும்பாலும் நாளை அளவாக வைத்துப் பேசும்: விடிகாலையில் எழுங்கள், பத்து வேலைகளைப் பட்டியல் போடுங்கள் என்பதுபோல. தொழில் நடத்துபவருக்கு நாள் என்பது ரொம்பச் சின்ன அளவு. ஒரு இயந்திரம் நின்றுபோனால், முக்கியமான ஒருவர் விடுப்பு எடுத்தால், அந்த நாள் கையை விட்டுப் போய்விடும். வாரத்துக்குக் கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு. செவ்வாய்க்கிழமை போனதை வியாழக்கிழமையில் ஈடுகட்டலாம். அதனால் இங்கே வாரத்தையே அளவாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: நேரம் எங்கே போகிறது என்று எழுதுங்கள்

மேலாண்மைச் சிந்தனையாளர் பீட்டர் டிரக்கர் 1967இல் சொன்ன யோசனை இது. திட்டம் போடுவதில் தொடங்காதீர்கள், நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதைப் பதிவு செய்வதில் தொடங்குங்கள் என்றார். நம் நேரம் எப்படிப் போனது என்பது பற்றிய நினைவை நம்ப முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். எழுதிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். மூன்று பத்திகள் போடுங்கள். தொடங்கிய நேரம், என்ன வேலை, யார் தொடங்கி வைத்தது. மூன்றாவது பத்தியில் "நான்" அல்லது "பிறர்" என்று மட்டும் எழுதினால் போதும். இரண்டு வாரம் எழுதுங்கள். பண்டிகைக் கூட்டமோ வருடக் கணக்கு முடிப்போ இல்லாத, வழக்கமான வாரங்களாக இருக்கட்டும்.

இதில் ஒரே ஒரு விதிதான் கறாரானது: வேலை மாறும்போதே எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் அது பதிவாகாது, கற்பனையாகத்தான் இருக்கும். "காலை முழுக்கக் கணக்கு பார்த்தேன்" என்று எழுதுவீர்கள். உண்மையில் நாற்பது நிமிடம்தான் கணக்கு பார்த்திருப்பீர்கள், மீதி நேரம் நான்கு போன், ஒரு டெலிவரிச் சண்டை, தேடிக் கிடைக்காத ஒரு ரசீது.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பட்டியலும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் ஒரு கேள்வியோடு வந்தால், கேள்வி என்னவென்று இரண்டு மூன்று வார்த்தையில் எழுதி ஒரு கோடு போடுங்கள். "தள்ளுபடி கொடுக்கலாமா", "சாவி எங்கே", "இந்தச் சரக்கை எங்கே இறக்குவது". அதே கேள்வி மறுபடி வந்தால் அதே வரியில் இன்னொரு கோடு. இந்தப் பக்கம் ஐந்தாவது படியில் தேவைப்படும்.

பதிவு செய்யும் இரண்டு வாரத்திலும் உங்கள் பழக்கத்தைத் திருத்த முயல வேண்டாம். அசிங்கமாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும். யாருக்கும் காட்டப் போவதில்லையே.

இரண்டாவது படி: மூன்றாகப் பிரியுங்கள்

இரண்டு வாரப் பதிவையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுங்கள்.

1 என்றால் நான் மட்டுமே செய்ய முடிகிற வேலை. விலை நிர்ணயம், ஆள் எடுப்பது, ஒப்பந்தம் பேசுவது, பணம் வரும் போகும் வழியைப் பார்ப்பது, பெரிய வாடிக்கையாளரோடு உறவு, அடுத்த வருடம் எதை விற்பது எதை நிறுத்துவது என்ற யோசனை. 2 என்றால் சொல்லிக் கொடுத்தால் வேறு ஒருவர் செய்துவிடக்கூடியது. 3 என்றால் யாருமே செய்யத் தேவையில்லாதது. யாரும் படிக்காத அறிக்கை, எப்போதோ ஒரு காரணத்துக்குத் தொடங்கி நிற்காமல் போய்க்கொண்டிருக்கும் வாராந்தர மீட்டிங், ஒரே கணக்கை இரண்டு இடத்தில் எழுதுவது எல்லாம் இதில் வரும்.

1 போடும்போது கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். "நான் செய்தால் நன்றாக இருக்கும்" என்பதும் "நான் மட்டுமே செய்ய முடியும்" என்பதும் வேறு வேறு. உங்களுக்குப் பிடித்த வேலையாக இருப்பதாலேயே 1 போடத் தோன்றும். தச்சுத் தொழிலில் இருந்து முதலாளி ஆனவருக்கு மரத்தில் கை வைப்பதுதான் சந்தோஷம். சாப்ட்வேர் எழுதியவருக்குப் புரோகிராம் எழுதுவது. அதை முழுக்க விட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதை 2 என்று எழுதிவிட்டு, விருப்பத்துக்காக வைத்துக்கொள்கிறேன் என்று தெரிந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் அட்டவணை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க அதிபர் ஐசன்ஹவர் பெயரில் வழங்குவது. 1954இல் ஒரு உரையில் அவர், அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்ற கருத்தை, ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகக் குறிப்பிட்டார். கட்டம் போட்ட வடிவம் பின்னால் வந்தது. கருத்து சரியானதே. ஆனால் புதிதாகத் தொழில் நடத்துபவருக்கு அந்தக் கட்டங்களை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளரிடமிருந்து வருவதெல்லாம் அவசரமாகவும் முக்கியமாகவும்தான் தெரியும். கடைசியில் எல்லாமே ஒரே கட்டத்தில் வந்து விழும். "இதை யார் செய்யலாம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதைவிடச் சுலபம்.

பிரித்து முடித்ததும் மூன்று எண்களுக்கும் தனித்தனியாக மணிநேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 1 எவ்வளவு வந்திருக்கிறது என்பதைத் தனியாக ஒரு இடத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். இனி நாம் கவனிக்கப் போகிற எண் அது மட்டும்தான்.

ஆளே இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவர்கள் "எனக்கு 2 எதற்கு" என்று கேட்கலாம். ஆள் இல்லாவிட்டாலும் 2 உண்டு. கணக்கு எழுதுவதை மணிக்கணக்கில் வெளியே கொடுக்கலாம். பில் அனுப்புவதையும் நினைவூட்டல் அனுப்புவதையும் சாப்ட்வேரிடம் விடலாம். அதுவும் முடியாவிட்டால், தினமும் சிதறிக் கிடக்கும் அந்த வேலைகளை வாரத்தில் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்யலாம். மூன்றுமே உங்கள் நேரத்தை மீட்டுக் கொடுக்கும்.

மூன்றாவது படி: வாரத்துக்குச் சட்டம் போடுங்கள்

சட்டம் என்று இங்கே சொல்வது விதியை இல்லை, எந்த நேரத்தில் எந்த வேலை என்று வாரத்தைத் தாங்கி நிற்கும் அமைப்பை. இதற்கு ஒரு மணிநேரம் ஒதுக்கி, ஏழு நாளும் ஒரே பக்கத்தில் தெரியும்படி ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் வரிசையைத்தான் மாற்றக் கூடாது.

முதலில் நகர்த்த முடியாதவை: தூக்கம், குடும்பத்துக்கான நேரம், திறந்திருக்கும் நேரம், சம்பளம் போடும் நாள், வரி கட்டும் கடைசித் தேதிகள். குடும்ப நேரத்தை முதலில் எழுதச் சொல்வது ஆச்சரியமாக இருக்கலாம். "மீதி இருந்தால் பார்க்கலாம்" என்று விட்டால் மீதி இருக்காது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டாவதாக உங்கள் 1ஆம் எண் வேலைகளுக்கான நேரக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு கட்டம் போதும். தினமும் ஒன்று போட ஆசை வரும். இரண்டாவது வாரமே உடைந்துபோய், இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுவீர்கள். இரண்டு கட்டம் ஒரு மாதம் நின்றால் மூன்றாவது போடலாம். எப்போதும் ஒரே கிழமை, ஒரே மணி. உங்கள் ஆட்களும் வாடிக்கையாளர்களும் அதைப் பழகிக்கொள்ள வேண்டும் அல்லவா, நேரம் மாறிக்கொண்டே இருந்தால் யாரும் பழக மாட்டார்கள். உங்களுக்கு மூளை தெளிவாக இருக்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். அது காலைதான் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

கட்டத்துக்குள் என்ன வேலை என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். "யோசிக்க" என்று மட்டும் எழுதி வைத்தால் அந்த நேரத்தில் மெயில் பார்ப்பீர்கள். "அதிகம் விற்கும் பத்துப் பொருட்களின் விற்பனை விலையையும் அடக்க விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது" என்று எழுதினால் உட்கார்ந்ததும் கை தானாக வேலைக்குப் போகும்.

மூன்றாவதாக ஒரே மாதிரியான வேலைகளைச் சேர்த்துப் போடுங்கள். சப்ளையர்களோடு பேசுவதெல்லாம் ஒரு நேரத்தில், பில்களும் பாக்கி வசூல் போன்களும் ஒரு நேரத்தில், வெளியே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில், அதுவும் ஒரே பக்கத்தில் இருப்பவர்களாக. மீட்டிங்குகளைக் காலை அல்லது மதியத்தின் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். ஸ்டார்ட்அப் முதலீட்டாளர் பால் கிரகாம் 2009இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை நன்றாக விளக்கியிருந்தார். மேலாளரின் நாள் மணிமணியாகப் பிரிந்திருக்கும், ஒரு மீட்டிங் என்றால் ஒரு மணிநேரம்தான் செலவு. ஒன்றை உருவாக்குபவருக்கு அரை நாளாவது தொடர்ச்சியாக வேண்டும், நடுவில் ஒரு மீட்டிங் வந்தால் அந்த அரை நாளே போய்விடும். தொழில் உரிமையாளரின் சங்கடம், இந்த இரண்டு பேருமாக அவர் ஒருவரே இருக்க வேண்டியிருப்பது. அதனால்தான் ஒரே அரை நாளுக்குள் இரண்டையும் கலக்காமல் பிரிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, காலியிடம். வேலை நேரத்தில் கால் பங்கையாவது எதுவும் எழுதாமல் விடுங்கள். எதிர்பாராதது வரத்தான் போகிறது. அதற்கு இடம் இல்லையென்றால் அது வந்து உங்கள் 1ஆம் எண் கட்டத்தில்தான் உட்காரும். இதைத்தான் பெரும்பாலானோர் செய்யாமல் விடுகிறார்கள். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் நிரப்பக் கை துடிக்கும். நிரப்பாதீர்கள்.

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் வாரம் இப்படி அமையலாம். திங்கள் காலை ஆட்களோடு அரை மணிநேரம், பிறகு அந்த வாரத்து ஆர்டர்களும் யார் எதைச் செய்வது என்பதும். செவ்வாய் காலை இரண்டு மணிநேரம் முதல் கட்டம், மதியம் சப்ளையர்கள். புதன் முழுக்க வாடிக்கையாளர்கள், வெளி வேலை. வியாழன் காலை இரண்டாவது கட்டம், மதியம் காலி. வெள்ளி காலை பில், பாக்கி, வங்கி. மாலை வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது. தினமும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை ஆட்களின் கேள்விகளுக்கான நேரம்.

கடையில் நீங்களே நின்று விற்பவராக இருந்தால் இந்த மாதிரி பொருந்தாது. வாடிக்கையாளர் வரும்போது கட்டம் எதுவும் செல்லாது. உங்களுக்குத் திறப்பதற்கு முந்தைய ஒரு மணிநேரமும், பதிவில் கூட்டம் குறைவாகத் தெரிந்த இரண்டு மதியங்களும்தான் கிடைக்கும். அந்த மதியங்களில் கல்லாவில் உட்கார வேறு ஒருவரைப் பழக்குவதுதான் உங்கள் முதல் வேலை. உற்பத்திக் கூடம் நடத்துபவர்கள் நாள் முழுக்க உள்ளே சுற்றிக்கொண்டிருக்காமல், இத்தனை மணிக்கு ஒரு சுற்று, இத்தனை மணிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் ஆட்களும் கேள்விகளைச் சேர்த்து வைத்துக் கேட்பார்கள்.

நான்காவது படி: எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணிப்பது

சட்டம் போட்ட முதல் வாரமே ஒன்று தெரியவரும். ஒரு மணிநேரம் என்று எழுதியது இரண்டு மணிநேரம் ஆகிறது. இது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இந்தத் திட்டமிடல் பிழைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

இதற்கு மருந்து இன்னும் ஆழமாக யோசிப்பது இல்லை. வேலையைப் பற்றி யோசிக்க யோசிக்க, எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே மனசு படம் ஓட்டும். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள், அதையே எழுதுங்கள். நோட்டில் இல்லாத புதிய வேலையாக இருந்தால் மனதில் தோன்றும் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இது என் கணக்கு, விஞ்ஞானம் இல்லை. ஆனால் கூட்டாமல் விடுவதைவிட நிச்சயம் நெருக்கமாக இருக்கும். வாடிக்கையாளருக்குத் தேதி கொடுக்கும்போது இது இன்னும் முக்கியம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரியும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதினார். அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்ய எழுதியதுதான், ஆனால் தனி மனிதருக்கும் பொருந்துகிறது. எனவே வேலைகளை இரண்டாகப் பாருங்கள். தனக்கென்று ஒரு முடிவு உள்ள வேலைக்கு (ஆர்டர் பேக் செய்வது, வரிப் படிவம் நிரப்புவது) நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். முடிவே இல்லாத வேலைக்கு (லோகோ தேர்ந்தெடுப்பது, மெயில், போட்டியாளர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது) இத்தனை மணியோடு சரி என்று அலாரம் வைத்து நிறுத்துங்கள்.

ஐந்தாவது படி: குறுக்கீடுகள்

எத்தனை நல்ல சட்டம் போட்டாலும் இங்கேதான் உடையும். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். இரண்டு நிமிடக் கேள்விக்கு இரண்டு நிமிடம்தான் செலவு என்று நாம் போடும் கணக்கு தவறுவது இதனால்தான். தவிர்க்கவே முடியாமல் எழுந்து போக வேண்டி வந்தால், போவதற்கு முன் எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும் கவனத்தை விடுவிக்க உதவுகிறது என்பதையும் பின்னாளில் அவரும் இன்னொருவரும் சேர்ந்து செய்த ஆய்வில் பார்த்தார்கள்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுங்கள். அதிகக் கோடு விழுந்த மூன்று கேள்விகளைப் பாருங்கள். அநேகமாக அவை கேள்விகளே இல்லை. நீங்கள் ஒரு தடவை சொல்லி வைக்காத விதிகள். "தள்ளுபடி கொடுக்கலாமா" என்று பதினோரு கோடு விழுந்திருந்தால், பத்து சதவீதம் வரை நீங்களே கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் மட்டும் என்னிடம் வாருங்கள் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பழுதான பொருளை மாற்றிக் கொடுப்பது, அவசரச் செலவுக்குப் பணம் எடுப்பது எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு எல்லை வைக்கலாம். எல்லைக்குள் அவர்கள் எடுத்த முடிவு தவறாகப் போனாலும் திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டினால் போதும், மறுநாளிலிருந்து பழையபடி எல்லாக் கேள்வியும் உங்களிடமே வரும்.

மிச்சமுள்ள கேள்விகளுக்குத் தினமும் இரண்டு நேரம் ஒதுக்கிவிட்டோம். அந்த நேரத்தில் வருபவர் கேள்வியோடு தன் பதிலையும் கொண்டுவர வேண்டும் என்று பழக்குங்கள். "என்ன செய்யட்டும்?" என்று வந்தால், "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். முதலில் முழிப்பார்கள். சில வாரத்தில் பதிலோடு வருவார்கள், நீங்கள் "சரி" என்று மட்டும் சொன்னால் போதும். இன்னும் சில வாரத்தில் வராமலே செய்துவிட்டு மாலையில் சொல்வார்கள்.

எது அவசரம் என்பதையும் எழுதி வையுங்கள். யாருக்காவது அடிபட்டால், வேலை முழுவதும் நின்றுபோனால், இன்று போக வேண்டிய ஆர்டர் போக முடியாது என்றால், பணம் அல்லது பாதுகாப்பு சம்பந்தமான சிக்கல் என்றால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் கூப்பிடலாம். அதற்கு ஒரே ஒரு வழி வையுங்கள், அதாவது போன். வாட்ஸ்அப்பில் வருவது எதுவும் அவசரம் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால், கட்டத்தில் இருக்கும்போது அதை மூடி வைக்கப் பயம் இருக்காது.

வாடிக்கையாளர் விஷயத்தில் பலருக்கும் தயக்கம் வரும்: உடனே பதில் சொல்லாவிட்டால் போய்விடுவாரே? சில தொழில்களில் அது உண்மை. அங்கே பதில் சொல்லும் வேலையையே வேறு ஒருவரிடம் கொடுங்கள். மற்ற தொழில்களில் பதில் எப்போது வரும் என்று தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். "மதியம் ஒரு மணிக்குள், மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். சில சமயம் பத்து நிமிடத்திலும் சில சமயம் இரண்டு நாள் கழித்தும் பதில் வருகிறவரிடம்தான் வாடிக்கையாளர் விடாமல் போன் செய்துகொண்டே இருப்பார்.

ஆறாவது படி: ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள்

2ஆம் எண் வேலைகளில் மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். அடிக்கடி வருவதும், தவறினால் பெரிய நஷ்டம் இல்லாததுமான வேலையில் தொடங்குவது நல்லது.

"சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே செய்துவிடுவேன்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. இந்த வாரத்தை மட்டும் பார்த்தால் அது சரி. வாரத்துக்கு ஒரு மணிநேரம் எடுக்கும் வேலையைச் சொல்லிக் கொடுக்க மொத்தம் எட்டு மணிநேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் கணக்கு நேராகிவிடும். வருடம் முடியும்போது 44 மணிநேரம் உங்கள் கையில் இருக்கும். ஒரு முழு வேலை வாரத்துக்கும் மேல்.

கைமாற்றும் முறை எளிது. அடுத்த தடவை அந்த வேலையைச் செய்யும்போது செய்யச் செய்ய ஒவ்வொரு அடியையும் எழுதுங்கள், அல்லது போனில் வீடியோ எடுங்கள். அடுத்த தடவை அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதற்கடுத்த இரண்டு மூன்று தடவை அவர் செய்து முடித்ததை மட்டும் பாருங்கள். அப்புறம் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் மட்டும் உங்களிடம் வரட்டும். வேலை முடிந்தது என்றால் என்ன அர்த்தம் என்பதையும் எழுதியாக வேண்டும். "ஸ்டாக் பார்த்துவிடு" என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். "வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் எல்லாப் பொருளையும் எண்ணி, குறைவாக உள்ளதைச் சிவப்பில் குறித்து எனக்கு அனுப்ப வேண்டும்" என்றால் குழப்பம் வராது.

நீங்கள் செய்யும் தரத்தில் முதலில் வராது. வாடிக்கையாளருக்குப் போகும்போது சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் மாதிரியே இருக்க வேண்டும் என்று நின்றால் கொடுத்த வேலை மறு மாதமே திரும்பி வந்துவிடும்.

மீட்டிங், கருவிகள் பற்றி

மீட்டிங்குக்கு முடிவு நேரம் வைத்துத் தொடங்குங்கள். எதை முடிவு செய்யப் போகிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அந்த மீட்டிங் வேண்டாம், ஒரு மெசேஜ் போதும்.

காலண்டர் தாளில் இருந்தாலும் சரி, போனில் இருந்தாலும் சரி, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டு விஷயம் ஒன்றிலும் தொழில் இன்னொன்றிலும் இருந்தால் என்றைக்காவது இரண்டும் மோதும். புதிய ஆப் தேடுவதில் வாரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. அந்தத் தேடலையும் நோட்டில் எழுதினால் அதற்கு 3 போட வேண்டியிருக்கும்.

உட்காரவே மனம் வராத வேலைக்கு (பலருக்கு அது கணக்கு) பொமோதோரோ முறை உதவும். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் மாணவராக இருந்தபோது உருவாக்கியது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. 25 நிமிடம்தானே என்று தோன்றுவதால் தொடங்குவது எளிதாகிறது. ஆனால் விலை நிர்ணயம் போல நீண்ட யோசனை தேவைப்படும் வேலையில் 25 நிமிடத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும், அங்கே வேண்டாம்.

ஏழாவது படி: வெள்ளி மாலை நாற்பது நிமிடம்

வாரக் கடைசியில், ஆட்கள் கிளம்பிய பிறகோ கிளம்பும் நேரத்திலோ, நாற்பது நிமிடம் உட்காருங்கள். என் இரண்டு கட்டங்களும் நடந்தனவா? நடக்கவில்லையென்றால் எது வந்து அங்கே உட்கார்ந்தது? அது திரும்ப வருமா? வரும் என்றால் அதற்கு ஒரு விதி போட முடியுமா, யாரிடமாவது கொடுக்க முடியுமா? அடுத்த வாரம் எந்தத் தேதிகள் நெருங்குகின்றன? அடுத்த வாரக் கட்டங்களில் என்ன வேலை? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் அதை யோசிக்க உங்களுக்கு அமைதி கிடைக்காது.

வாரம் முழுக்கக் குலைந்துபோகும் நாட்களும் வரும். முக்கியமான ஒருவர் வேலையை விட்டு நின்றுவிடுவார், பெரிய ஆர்டர் ஒன்று திடீரென்று வரும். அப்போது முழுச் சட்டத்தையும் காப்பாற்றப் போராடாதீர்கள். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காப்பாற்றுங்கள், தேவைப்பட்டால் ஒரு மணிநேரமாகச் சுருக்கி. கட்டத்தை நகர்த்தலாம், அழிக்கக் கூடாது என்பதை விதியாக வையுங்கள்: செவ்வாய்க்கிழமை எடுத்தால் அதே வாரத்துக்குள் வேறு இடத்தில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று வாரம் ஒரே கட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால், அந்தக் கிழமை அல்லது அந்த மணி உங்கள் தொழிலுக்குப் பொருந்தவில்லை. நிரந்தரமாக மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் பதிவு மட்டும். மூன்றாவது வாரம் பிரித்து, சட்டம் போட்டு, ஒரே ஒரு கட்டம். நான்காவது வாரம் இரண்டாவது கட்டமும் கேள்வி நேரமும். இரண்டாவது மாதத்தில் முதல் கைமாற்றம். ஆட்களிடம் இதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திடீரென்று கதவை மூடினால், ஏதோ பிரச்சினை, தொழிலை விற்கப் போகிறார் என்று கதை கிளம்பும்.

நேரப் பதிவை ஒரு தடவையோடு விடக் கூடாது என்றும் டிரக்கர் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு வாரம் என்பது அவர் கணக்கு. சிறு தொழிலுக்கு இரண்டு வாரமே போதும். ஆனால் ஒன்றைச் சுறுசுறுப்பான பருவத்திலும் மற்றதை மந்தமான பருவத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் 1ஆம் எண் மணிநேரத்தைக் கூட்டி, முதலில் தேதியோடு குறித்து வைத்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கூடியிருந்தால் இன்னொரு கட்டம் போடலாம். குறைந்திருந்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக எந்தக் கேள்விக்குக் கோடுகள் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள், அடுத்த விதியை அங்கிருந்து எழுதலாம்.